தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடுகிறோம், ஆள் வருகிறது. கொழும்புக்குப் போகலாமா?

டிக்கோயாத்_தப்பு (இழையைத் தொடங்கியவர்)

நாங்கள் ஆறு பேர். இலங்கை மலையகத்தில் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கத்துப் பிள்ளைகள். இரண்டு தப்பு (பறை), ஒரு உறுமி, ஒரு கிட்டார், ஒரு ஆர்மோனியம், பாடுவதற்கு ஒரு தங்கச்சி. குழுவின் பெயரைப் போடவில்லை. போட்டால் விளம்பரம் என்று மட்டுறுத்துநர் இழையைத் தூக்கிவிடுவார்.

ஆரம்பத்தில் எல்லாரையும் போல டவுன் மண்டபங்களைத்தான் சுற்றினோம். மண்டபத்துக்கும் சவுண்டுக்கும் கடன்பட்டு, முன்வரிசைப் பிரமுகர்களுக்கு மாலை போட்டு, அவர்கள் பேசி முடிக்கும்போது பஸ் போய்விடும் என்று சனம் எழும்பிவிடும். அப்புறம் நேராகத் தேயிலைத் தோட்டங்களுக்கே போக ஆரம்பித்தோம். கோயில் முன்றல், காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பிரட்டுக்களம், சில இடங்களில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசல். டிக்கெட் கிடையாது. தாலாட்டு, கும்மி, கொழுந்துப் பாட்டு, ஒப்பாரி, நாங்களே கட்டிய பாட்டு கொஞ்சம். சினிமாப் பாட்டு கேட்பார்கள். பாடுவதில்லை.

இப்போது பொகவந்தலாவையில் ஒரு டிவிஷனில் பாடினால் பக்கத்து டிவிஷனில் இருந்து டோர்ச் அடித்துக்கொண்டு வருகிறார்கள். வட்ஸ்அப்பில் இரண்டாவது குழு தொடங்க வேண்டியதாயிற்று. ஆனால் வேன்காரருக்குக் கொடுத்த பிறகு கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

கொழும்பில் நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிற ஒருவர் எங்களோடு பேசினார். ஒரு வருடம் தோட்டங்களை நிறுத்திவிட்டு அங்கேயும் வெளிநாட்டிலும் டிக்கெட் நிகழ்ச்சி செய்யச் சொல்கிறார். குழுவில் பாதிப் பேர் சரி என்கிறார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொட்டகலை_டீச்சர்

தம்பி, கொழும்புக்கு அப்புறம் வருகிறேன். தோட்டத்துக்கு வருகிற குழுக்கள் பெரும்பாலும் எட்டு மணிக்கு மேல்தான் தொடங்குகின்றன. அந்த நேரம் யார் இருப்பார்கள்? பையன்களும் குடித்துவிட்டு நிற்கிற ஆண்களும்தான். கொழுந்து நிறுத்து, பிள்ளைக்காம்பராவில் பிள்ளையை எடுத்து, தண்ணீர் பிடித்து, சோறாக்கி, விடியற்காலை ரொட்டிக்கு வழி பண்ணிவிட்டு ஒரு பெண் நிமிரும்போது உங்கள் கடைசிப் பாட்டு ஓடும். நீங்கள் பாடுவதெல்லாம் அவளுடைய பாட்டு. அவள் மட்டும் அங்கே இல்லை.

ஞாயிறு அல்லது பௌர்ணமி விடுமுறையான போயா, பின்னேரம் நாலு மணி. அதுதான் நேரம். கொழுந்து நிறைய வருகிற காலத்தில் ஞாயிறும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்க மலைக்குப் போவார்கள். அதைத் தோட்டத் தலைவரிடமோ மாதர் சங்கத்திடமோ முன்கூட்டியே கேளுங்கள். சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டி வரும். அதற்கு அடுத்த ஞாயிறு போனால் உண்டியல் கனக்கும், சாராயமும் ஓடும். மாதக் கடைசியில் போனால் காசு இருக்காது, ஆனால் உட்கார்ந்து கேட்பார்கள். எது வேண்டும் என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்.

புலமைப்பரிசில், சாதாரண தரப் பரீட்சை நேரத்தில் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தால் நானே பொலிசுக்குச் சொல்வேன். சிரிக்க வேண்டாம்.

ஸ்பீக்கர்_செட்

பொலிஸ் என்றதால் சொல்கிறேன், எனக்கு இதுதான் தொழில். ஒலிபெருக்கி அனுமதி எடுக்காமல் எங்கேயும் மைக் போடாதீர்கள். இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை போடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் சொன்னதில் இருந்து பொலிஸ் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விசேட நாளுக்குத் தளர்வு உண்டு, ஆனால் அது கேட்டு வாங்க வேண்டியது. களம் தோட்டத்துக்குச் சொந்தமானது, ஆகவே தோட்ட மேனேஜரான துரையிடம் ஒரு கடிதம். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு பழக்கம். சிலர் உடனே கையெழுத்துப் போடுவார்கள், சிலர் தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்று இழுப்பார்கள். பாட்டுக்குள் சம்பளப் பிரச்சினை வருமா என்று கேட்ட துரைமாரையும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. தப்புக்கு மைக் வைக்காதீர்கள். தப்பு தன் சத்தத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். மைக் பாடுகிறவருக்கும் ஆர்மோனியத்துக்கும் போதும். உறுமியின் இழுப்பு பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காது, அதற்கு மட்டும் ஒன்று தாழ்வாக வையுங்கள். தப்பு அடிப்பவர்களைப் பாடுகிறவருக்கு நேர் பின்னால் நிறுத்தினால் அவருடைய மைக்குக்குள் முழுத் தப்பும் புகுந்து பாட்டு நாசமாகும். பக்கவாட்டில் தள்ளி நிறுத்துங்கள்.

பனி இறங்கினால் தோல் தளர்ந்துவிடும். மேடைக்குப் பக்கத்தில் நெருப்பு போட இடம் விடுங்கள். கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளை, அந்த மிலாறு கிடைத்தால் நல்லது, பேப்பர் எரித்தால் ஒரு பாட்டுக்குக்கூடத் தாங்காது. பைபர் தோல் போட்ட தப்பு தளராது, ஆனால் அந்தச் சத்தத்துக்கு நீங்கள் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

ஊவாப்பக்கம்

எல்லாக் குழுவும் செய்கிற ஒரு வேலை: ஏப்ரல் புத்தாண்டு முடிந்து ‘இனி ஊர் ஊராகப் போவோம்’ என்று கிளம்பி, மே கடைசியில் வட்டவளை மழையில் மாட்டிக்கொள்வது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், கினிகத்தேனைப் பக்கத்தைத்தான் அடிக்கும். அதே ஜூன், ஜூலை, ஆகஸ்டில் பதுளை, பசறை, வெலிமடை காய்ந்து கிடக்கும். இங்கே மழை வடகீழ்ப் பருவத்தோடு, டிசம்பர், ஜனவரியில். ஆகவே ஜனவரி கடைசியில் இருந்து மார்ச் வரை உங்கள் பக்கம், ஜூனில் இருந்து ஆகஸ்ட் வரை எங்கள் பக்கம். நடுவில் பாட்டுக் கட்டுங்கள், தோல் மாற்றுங்கள்.

மாசியில் எங்கே போனாலும், மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற காமன் கூத்து நடக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். மூன்றாம் பிறைக்குக் கம்பம் ஊன்றிவிட்டால் அந்த ஊரில் தகனம் முடியும்வரை இரவுகள் ரதிக்கும் மதனுக்கும்தான். அதற்குள் நீங்கள் போய் மேடை போட்டால் யாரும் அடிக்கமாட்டார்கள், ஆனால் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். மாறாக, அந்த நாட்களில் குழுவைக் கூட்டிக்கொண்டு போய்க் கூத்து மாஸ்டர் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு வருடத்துக்குத் தேவையான மெட்டு அங்கே கிடக்கிறது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண் சரிந்த இடங்களுக்குப் போவதாக இருந்தால் முதலில் யாரையாவது கேட்டுவிட்டுப் போங்கள். லயம் இருக்கும், சனம் வேறெங்காவது இருக்கும். அங்கே ஒப்பாரியை எடுத்துவிடாதீர்கள்.

புறக்கோட்டைப்_பையன்

எல்லாரும் மழையையும் மிலாறையும் பற்றிப் பேசுகிறீர்கள். நான் லிந்துலைப் பக்கம், இப்போது கொழும்புப் புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை. உண்மையைச் சொல்லட்டுமா? ஒரு நல்ல ரீல் போட்டால் ஒரே இரவில் பார்க்கிற ஆட்களைப் பிடிக்க, வேனில் வருடம் முழுக்க அலைய வேண்டும். எங்கள் வயதுக்காரர்களில் எத்தனை பேர் தோட்டத்தில் இருக்கிறோம்? கொழும்புக் கடைகளில், கார்மென்டில், குவைத்தில், சவுதியில் இருக்கிறோம். நீங்கள் லயத்து வாசலில் பாடும்போது கேட்பது பாட்டிமாரும் சின்னப் பிள்ளைகளும்தான். அவர்கள் உங்களுக்கு ரசிகர்களா? டிக்கெட் வாங்குவார்களா? கொழும்புக்கு வாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

டிக்கோயாத்_தப்பு

டீச்சர் சொன்ன நான்கு மணி எங்கள் தலையில் ஏறிவிட்டது. இனி அப்படித்தான்.

புறக்கோட்டைத் தம்பிக்கு: ரீல் போடுகிறோம். எங்கள் கொழுந்துப் பாட்டு ஒன்று நன்றாக ஓடியது. பார்த்தவர்களில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, அடுத்த ரீலுக்கு அவர்களைக் காணவும் இல்லை. தோட்டத்தில் நடப்பது வேறு.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு டிவிஷனில் முதல் தடவை போனபோது கூட்டம் சுமார். முடிந்த பிறகு ஓர் அம்மாயி வந்து, நீங்கள் பாடின தாலாட்டில் தாய்மாமன் சீர் வருகிற இடத்தை விட்டுவிட்டீர்களே என்று கேட்டார். எங்களுக்கு அந்தப் பகுதி தெரியவே தெரியாது. உட்கார்ந்து பாடிக் காட்டினார், தங்கச்சி போனில் பதிந்துகொண்டாள். பிறகு நோர்வூட்டில் பாடும்போது, இந்த அடிகள் இன்ன தோட்டத்து அம்மாயி தந்தது என்று சொல்லிப் பாடினோம். அங்கே இன்னொருவர் எழும்பி, எங்கள் பக்கத்தில் அது அப்படி இல்லை என்று வேறு மாதிரிப் பாடினார். பத்து நிமிடம் சண்டை. நாங்கள் சும்மா தாளம் போட்டுக்கொண்டிருந்தோம்.

மாதங்கள் கழித்து முதல் தோட்டத்துக்குத் திரும்பப் போனோம். அம்மாயியின் அடிகளைத் தங்கச்சி பாட, பெண்கள் பக்கம் முழுவதும் சேர்ந்துகொண்டது. எங்களுக்கு ஆள் சேர்ந்தது முதல் வருகையில் இல்லை தம்பி, எப்போதும் இரண்டாவது வருகையில்தான். முதல் தடவை, ‘யாரோ டவுன்காரர்கள்’. திரும்பி வந்தால்தான் நம்முடைய பிள்ளைகள். பாட்டி கேட்டால் பேத்தி குவைத்துக்கு அனுப்புவாள், அது வேறு. வட்ஸ்அப் குழு நிறைந்தது அப்படித்தான்.

மாத்தளை_வாசகன்

இதைப் புதிது என்று நினைக்க வேண்டாம். 1931இல் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் ஹட்டனில் தொழிலாளர் சம்மேளனம் அமைத்து வேலை செய்த காலத்தில், அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார். தொழிலாளரின் நிலைமையைத் தானே பாட்டாகக் கட்டி, ஏற்கெனவே காதில் இருந்த பாரதி பாட்டு மெட்டுகளில் போட்டு, சிறு புத்தகங்களாக அச்சிட்டும் கொடுத்தார். மெட்டு தெரிந்ததாக இருந்தால் வரி தானாக ஏறும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. வெளியாள் தோட்டத்துக்குள் காலெடுத்து வைத்தால் வழக்குப் போடுகிற காலம் அது. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போனார் என்று இன்றைக்கும் சொல்வார்கள். இன்று துரையிடம் கடிதம் வாங்க அலுத்துக்கொள்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையும் லயங்களில் கேட்டுத்தான் நாட்டார் பாடல்களைத் தொகுத்தார். 2023இல் மலையகம் 200 நினைவாக, முன்னோர் வந்த வழியில் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்து வந்தபோதும், ஜூலை 28இல் இருந்து ஆகஸ்ட் 12 வரை, ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊர்க்காரர்கள் வந்து வரவேற்றுச் சேர்ந்துகொண்டார்கள். ஊருக்குள் போகிறவனுக்கு ஊர் கை கொடுக்கும். கொழும்புக்காரருக்கு இதெல்லாம் கணக்கில் வராது.

தப்புக்காரர்_மகன்

இழை முழுவதும் படித்தேன். எல்லாரும் தப்பு, தப்பு என்கிறீர்கள்.

என் அப்பா தப்பு அடித்தவர். சாவு வீட்டில் அடித்தார், தேருக்கு முன்னால் அடித்தார். அவருடைய அப்பா காலத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு ஆள் எழுப்பியதும் தப்புதான். கூலி ஒரு போத்தல் சாராயம், சில நேரம் ஒரு வேட்டி. தேருக்கு முன்னால் அடிக்கலாம், கோயில் படி ஏற முடியாது. பிள்ளைகள் யாரும் இதைக் கையில் எடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே செத்தார். நான் எடுக்கவில்லை. ஆசிரியராக இருக்கிறேன்.

இப்போது கிட்டாருக்குப் பக்கத்தில் வைத்து அடித்தால் கைதட்டல். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. சென்னையில் சாதியை எதிர்த்தே குழு கட்டிப் பறையோடு மேடை ஏறியதையும் பார்த்தேன், கண் கலங்கியது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். உங்கள் ஆறு பேரில் தப்புக்காரர் வீட்டுப் பிள்ளை உண்டா? நீங்கள் போகிற தோட்டத்தில் இத்தனை வருடம் அடித்த கிழவர், நீங்கள் அடிக்கும்போது எங்கே நிற்கிறார்? மேடையிலா, கீழேயா, இல்லை வெட்கப்பட்டு லயத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டா? கொழும்பு வேண்டுமா, வேண்டாமா என்பதைவிட எனக்கு இதுதான் முக்கியம்.

கொட்டகலை_டீச்சர்

நல்ல கேள்வி சார். எங்கள் பாடசாலைத் தமிழ் விழாவிலும் இதை யாராவது கேட்டிருக்க வேண்டும்.

டிக்கோயாத்_தப்பு

அண்ணே, நேராகச் சொல்கிறேன். தப்பு அடிக்கிற இரண்டு பேரில் ஒருவர் அந்த வீட்டுப் பிள்ளை. மற்றவருக்குப் பழக்கியதும் அவர்தான். எந்த அடியை மேடையில் எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. சாவு அடியை மேடையில் எடுப்பதில்லை, அது அவர் போட்ட விதி.

ஒரு கோயில் கமிட்டி, பாட்டு உள்ளே இருக்கட்டும், தப்பு வெளியே நிற்கட்டும் என்றது. அப்படியானால் ஆறு பேரும் வெளியே என்று சொல்லிக் களத்தில் நின்று பாடினோம். கூட்டமும் களத்துக்கு வந்துவிட்டது. கமிட்டித் தலைவர் கடைசிவரை படியில் நின்றார், போகவும் இல்லை, இறங்கவும் இல்லை.

தோட்டத்துக் கிழவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் பாட்டுக்கு அவர்களை அழைக்கிறோம். சிலர் வருகிறார்கள். ஒருவர் வரவே மாட்டேன் என்றார், காரணமும் சொல்லவில்லை. வற்புறுத்தவில்லை. வருகிறவர்களுக்கு எங்களுக்குக் கிடைப்பதில் ஒரு பங்கு, காசாக. போத்தல் கொடுப்பதில்லை. அதற்காகவே கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

தப்புக்காரர்_மகன்

காசாகக் கொடுப்பது சரி. வராதவரை விட்டுவிட்டதும் சரி. பங்கு எவ்வளவு என்று மேடையிலேயே சொல்லுங்கள், எல்லாருக்கும் கேட்கட்டும்.

சட்டம்_படிக்கிறவள்

அம்மாயியின் தாலாட்டை அந்த ஊர் பெயர் சொல்லிப் பாடுவதாக எழுதியிருந்தீர்கள். அது நல்ல பழக்கம் மட்டும் இல்லை, சட்டமும் அதைத்தான் கேட்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்புக் கொடுக்கிறது. அது எந்தச் சமூகத்தில் இருந்து அல்லது எந்த இடத்தில் இருந்து வந்தது என்று குறிப்பிட வேண்டும். வழக்கமான சூழலுக்கு வெளியே அல்லது வியாபார நோக்கில் பயன்படுத்துவதற்குத்தான் அனுமதி என்கிற கேள்வி வரும். அந்த விஷயத்தில் லயத்து வாசலும் கொழும்பு டிக்கெட் மேடையும் ஒன்றில்லை. நீங்களே கட்டிய பாட்டு வேறு, அதன் உரிமை எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் தானாக உண்டு, அவர்கள் காலத்துக்குப் பிறகும் 70 வருடம்.

கொழும்பு ஏற்பாட்டாளர் ஒப்பந்தம் நீட்டினால், பதிவுகளின் உரிமை யாருக்கு என்கிற பந்தியைத் தேடி வாசியுங்கள். ‘நிகழ்ச்சியில் பாடும் எல்லாப் பாடல்களும்’ என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அம்மாயியின் பாட்டை விற்க உங்களுக்கு உரிமை கிடையாது.

ஸ்பீக்கர்_செட்

காசு விஷயத்தை யாரும் தொடவில்லையே. தோட்டத்தில் உண்டியல் சுற்றினால் வேன் எண்ணெய்க்குக்கூடக் காணாது. திருவிழாக் கமிட்டிகள் டவுனில் இருந்து சினிமாப் பாட்டுக் குழுவைக் கொண்டுவர நல்ல காசு கொடுக்கிறார்கள். அந்தக் காசில் ஓர் இரவை இவர்களுக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், இலவசமாக வருவோம் என்று தொடங்கக் கூடாது. இலவசமாக வந்தால் அடுத்த வருடமும் இலவசம்தான்.

தொழிற்சங்கக்காரர் காசு தருவார், மேடைக்குப் பின்னால் அவருடைய படத்தோடு பேனர் வரும். தேர்தல் வருடத்தில் இன்னும் பெரிதாக வரும். பிறகு மற்றச் சங்கத்துக்காரர் லயத்தில் இருந்து ஒருவரும் வரமாட்டார்கள். பார்த்தது, சொல்கிறேன்.

புறக்கோட்டைப்_பையன்

சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் கொழும்பு என்றால் அந்த ஏற்பாட்டாளரின் ஏசி மண்டபம் மட்டும்தானா? தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாள் சம்பளம் 2024 செப்டெம்பரில் 1350 ரூபாய் ஆனது, 2026 தொடக்கத்தில் 1550. கொழும்பில் பல நிகழ்ச்சிகளில் கடைசி வரிசை டிக்கெட்டே அதைவிடக் கூட. அங்கே நாங்கள் வரமாட்டோம், எங்கள் முதலாளிமார்தான் வருவார்கள். போயாவுக்குக் கடை பூட்டும்போது எங்களுக்குப் போக்கிடம் கடற்கரைதான். அந்த நாளில் ஒரு சிறு மண்டபம் எடுத்து, நாங்கள் கொடுக்கக்கூடிய டிக்கெட் போட்டு வாருங்கள். எங்கள் கடைத்தெருவில் மட்டும் எத்தனை தோட்டத்துப் பையன்கள் என்று நினைக்கிறீர்கள்? ஆள் பிடிப்பது என் பொறுப்பு. அந்தக் காசில் ஊருக்குப் போய் இலவசமாகப் பாடுங்கள், ஸ்பீக்கர் அண்ணன் கோபித்தாலும்.

ஸ்பீக்கர்_செட்

கோபம் இல்லை, அப்போதும் சவுண்டுக்குக் காசு எனக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

டிக்கோயாத்_தப்பு

நேற்று இரவு குழுவாக உட்கார்ந்து இந்த இழையை வாசித்தோம். ஒரு வருடம் தோட்டங்களை நிறுத்துவது இல்லை, அதில் எல்லாரும் ஒன்று. ஏற்பாட்டாளருக்கு ஒரே ஒரு நிகழ்ச்சி என்று சொல்லியிருக்கிறோம். உரிமைப் பந்தியை எடுத்தால்தான் அதுவும். இன்னும் பதில் வரவில்லை. போயா நிகழ்ச்சிக்குப் புறக்கோட்டைத் தம்பியோடு தனியாகப் பேசுகிறேன். கிட்டார்காரர் மட்டும் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு வீட்டில் கடன், அதையும் சொல்ல வேண்டும். போயா நிகழ்ச்சிக் காசில் முதல் பங்கு அவருக்குப் போகட்டும் என்று பேசியிருக்கிறோம், அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஊவாப்பக்கம் அண்ணே, ஜூலையில் பசறை, லுணுகலைப் பக்கம் வரலாம் என்று இருக்கிறோம். யாரைப் பிடிப்பது?

ஊவாப்பக்கம்

பசறைக்கு மேலே எங்கள் டிவிஷனில் தொடங்குங்கள். மாதர் சங்கத் தலைவி என் அத்தைதான், கடிதத்துக்கு அவர் போய் நின்றால் துரை மறுக்கமாட்டார். உங்கள் வேன் மேல் பிரட்டுக்களம் வரைக்கும் ஏறாது, பாதை அப்படி. கொழுந்து லொறிக்காரரிடம் சொல்லி வைக்கிறேன், சாமான்களை அதில் ஏற்றலாம். ஆட்கள் நடக்க வேண்டும். எத்தனை மூட்டை, உறுமிக்குப் பெட்டி இருக்கிறதா என்று தனிச்செய்தியில் போடுங்கள்.